பாதியாக வெட்டிய சிவப்பு மாடம்

இந்தப் படக் கடைக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களிடம் ஏதாவது பேசிவிட்டுப் போகச் சொன்னார்கள். ஓய்வு பெற்றவளிடம் பேசச் சொன்னால் என்ன ஆகும் என்று சொன்னவர்கள் யோசித்திருக்க வேண்டும். போன வாரம் தேநீர் குடிக்கும்போது உங்களில் ஒருவர் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. தண்ணீரில் விழும் பிம்பத்தைப் படம் எடுத்துக்கொண்டு வருகிறார்களே, அதை எங்கே வெட்டுவது, எப்போது நிறத்தை நீக்கிக் கறுப்பு வெள்ளையாக்குவது என்று கேட்டீர்கள். அன்று சிரித்து மழுப்பிவிட்டேன். இன்று மழுப்பாமல் சொல்கிறேன்.

எந்தப் பொத்தானை அழுத்துவது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் சொல்ல நினைப்பது வேறு. மற்ற இயற்கைக் காட்சிகளுக்கு உள்ள விதியெல்லாம் தண்ணீருக்குப் பொருந்தாது. மேலே கரையை வெட்டினால் தண்ணீர் எதைக் காட்டுகிறது என்றே புரியாது. கீழே தண்ணீரை வெட்டினால் வெறும் கரைதான் மிஞ்சும். வேண்டாததை எடுத்துவிடுவதுதான் வெட்டுவது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அந்த இடத்தில் ஒன்று இருந்தது என்பதே இனி யாருக்கும் தெரியாமல் போகும். அதை முடிவு செய்வது நாம்.

கறுப்பு வெள்ளை விஷயம் இன்னும் மோசம். எடுத்த படம் சொதப்பிவிட்டால் நிறத்தை எடுத்துவிட்டுக் கலை என்று சொல்லிக்கொள்பவர்களை நம் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் மட்டும் ஒரு பேருந்து நிறைய ஏற்றலாம். அவர்களிடம் பொறுமையாக இருங்கள், நான் இருந்ததில்லை. ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். நம் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் இருக்கும் இரண்டு நிறங்கள். நிறத்தை எடுத்துவிட்டால் இரண்டும் பல சமயம் ஒரே சாம்பல் ஆகிவிடும். இலைக்கு நடுவே இருக்கும் செம்பருத்தி காணாமல் போகும். அதன் பிறகு நாம்தான் சிவப்பை மட்டும் கொஞ்சம் ஏற்றி, அந்தப் பூவை வெளுப்பாக வெளியே கொண்டுவர வேண்டும். இதைச் சொல்லாமல் சைமனின் கதையைச் சொல்ல முடியாது.

அதற்கு முன் முதலாளியைப் பற்றி ஒரு வார்த்தை. நான் சேர்ந்தபோது இருந்த முதலாளி யாழ்ப்பாணத்து வழி வந்தவர். அரசாங்க உத்தியோகம் பார்த்த குடும்பத்தில் அவர் ஒருவர்தான் கடை வைத்தவர் என்பதால் சொந்தக்காரர்களிடம் அவருக்கு அவ்வளவு மதிப்பில்லை. அந்தக் கோபத்தை எங்களிடம் காட்டுவார். ஒரு நாள் கிள்ளானிலிருந்து ஒருவர் ஏரிப் படம் ஒன்று கொண்டுவந்தார். ஏரியின் குறுக்கே ஒரு நடைபாலம் உண்டு. பாலம் படத்துக்குள் வரவில்லை. ஆனால் பாலத்தின் மேல் நின்ற ஒரு பெண் மட்டும் தலைகீழாகத் தண்ணீரில் பிம்பமாக விழுந்திருந்தார். “கீழ கொஞ்சம் வெட்டிருங்க” என்றார் அவர், முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு. அவருடைய மனைவியைக் கோயிலில் பார்த்து எனக்கு நன்றாகத் தெரியும். தண்ணீரில் இருந்தது அந்த அக்கா இல்லை.

முதலாளி என் முகத்தைப் பார்த்துவிட்டார். வந்தவர் போன பிறகு, “பிள்ளை, படம் வெட்டுறதுதான் எங்கட வேலை. படத்துக்குள்ள கண்டதை வெளியில கொண்டுபோறது எங்கட வேலை இல்லை” என்றார். அந்த வெள்ளிக்கிழமை கோயிலில் அந்த அக்கா எதிரே வந்தபோது, கட்டியிருந்த சேலையை எந்தக் கடையில் எடுத்தார் என்று மட்டும் கேட்டேன். நல்ல சேலை அது.

நல்ல விதிதான். நீங்களும் அதைக் கடைப்பிடியுங்கள். நம்மை நம்பித்தான் மனிதர்கள் தங்கள் படங்களை இந்த மேசையில் வைக்கிறார்கள். நான் வேலை பார்த்த காலம் முழுவதும் அந்த விதியோடுதான் இருந்தேன், ஒரு முறை தவிர.

சைமன் ரயில் ஓட்டுநர். அவருடைய அப்பாவும் ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். தாத்தா தண்டவாளத்தில் வேலை செய்தவர். ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்த மெதடிஸ்ட் கிறிஸ்தவக் குடும்பம் அது. அவர்கள் வீட்டில் ஒரு பிள்ளை பிறந்தால் ரயிலோடு சேர்த்துத்தான் பெயர் வைப்பார்கள் என்று அக்கம்பக்கத்தில் கிண்டல் செய்வோம். சைமன் எங்கள் கடைக்கு வரத் தொடங்கியபோது நீண்ட மருத்துவ விடுப்பில் இருந்தார். ஆள் மெலிந்திருந்தார். என்ன நோய் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. காலையில் நல்ல காற்றில் நடக்கச் சொல்லி டாக்டர் சொன்னாராம். சாலாக் செலாத்தான் பக்கம் ஈயம் தோண்டிவிட்டுப் போன பழைய குட்டை ஒன்று இருக்கிறது. அங்கே நடக்கப் போனவர், சும்மா நடக்கப் பிடிக்காமல் கேமராவைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்.

படம் எடுக்க அவருக்குக் கை வந்தது. வீட்டிலேயே ஓரளவு வெட்டிவிட்டுத்தான் கொண்டுவருவார். வெட்டுவதிலும் நல்ல நிதானம். ரயிலைக் கோட்டில் நிறுத்திப் பழகியவர் இல்லையா என்று நான் சொன்னபோது வெட்கப்பட்டுச் சிரித்தார். விடுப்பு முடிந்து ரயிலுக்குத் திரும்புவதைப் பற்றித்தான் எப்போதும் பேச்சு. “டியூட்டி ஏறிட்டா அக்கா, அப்புறம் இந்தக் குட்டைப் பக்கம் நான் வரமாட்டேன்லா” என்பார்.

அவர்களுடைய தேவாலய மண்டபத்துக்குப் புதிதாகச் சாயம் அடித்திருந்தார்கள். சுவரில் மாட்ட சைமனின் படங்களைக் கேட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன் மாட்டியாக வேண்டும். வியாழக்கிழமை காலையில் படங்களைக் கொண்டுவந்து எல்லாவற்றையும் கறுப்பு வெள்ளையில் போடச் சொன்னார். முன்பெல்லாம் வண்ணத்தில்தான் கேட்பார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. முதல் படத்தைத் திரையில் திறந்தேன். எதிர்க்கரையில் ஒரு பெரிய மரம், அதன் அடியில் சீனர்கள் வைக்கும் சிறிய சிவப்பு மாடம். டத்தோ சாமி என்று நாமும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போவோமே, அதுதான். கரையிலும் சிவப்பு, தண்ணீரிலும் சிவப்பு. சுற்றிலும் பச்சையைத் தவிர வேறொன்றும் கிடையாது. யார் எடுத்தாலும் அந்தச் சிவப்புக்காகத்தான் எடுத்திருப்பார்கள். சைமன் அந்த மாடத்தைச் சரிபாதியாகப் படத்தின் இடது ஓரத்தில் வெட்டியிருந்தார். அத்தனை நிதானமாக வெட்டுகிறவர் இதை மட்டும் இப்படிக் கசாப்பு போட்டுவிட்டாரே என்று இருந்தது.

“மாடத்த ஏன் தம்பி பாதியா வெட்டுனீங்க?” என்று கேட்டேன்.

“எந்த மாடம்?” என்றார். உடனே, “ஓ, அதுவா. சும்மாதான் அக்கா” என்று சிரித்தார்.

நான் அதற்கு மேல் கேட்கவில்லை. அவர் கொண்டுவந்தவற்றில் இருந்த, வெட்டாத முழுப் படத்தை எடுத்து, நிறத்தை நீக்கினேன். எதிர்பார்த்தபடியே மாடமும் மரமும் ஒரே சாம்பலாகப் போயின. வழக்கம்போல் சிவப்பை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். இலைகளுக்குள்ளிருந்து மாடம் வெளுத்து வெளியே வந்தது. தண்ணீரிலும் இன்னொன்று வந்தது.

சைமன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். திரைக்கு மிக அருகில் குனிந்தார்.

“இது அங்கயே இருந்துச்சா அக்கா?”

வாயைத் திறந்து ஏதோ கிண்டலாகச் சொல்லப் போனேன். அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன். படத்தை மீண்டும் வண்ணத்துக்கு மாற்றினேன். “இப்ப அது எங்க இருக்குன்னு காட்டுங்க” என்றேன். கொஞ்ச நேரம் தேடிவிட்டு விரலை வைத்தார். விரல் இருந்தது இலைகளின் மேல்.

கடையில் வேறு யாரும் இல்லை. வெளியே மோனோரயில் போகும் சத்தம் கேட்டது. அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“டி.பி. அக்கா” என்றார். “வீட்ல கிரேஸுக்கும் அப்பாவுக்கும் மட்டும்தான் தெரியும். மருந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன். அதுல ஒரு மாத்திர சில பேருக்குக் கண்ணப் புடிக்குமாம். முன்ன எல்லாம் நல்லா தெரிஞ்சுது. இப்ப கொஞ்ச நாளா சிவப்பு சேறு மாதிரி இருக்கு.”

“டாக்டர்கிட்ட சொன்னீங்களா?”

“சொன்னா கார்டுல எழுதிருவாங்க அக்கா. எழுதிட்டா ரயில் இல்ல. சிக்னல் பார்க்கிற வேல. மருந்து முடியப் போகுது. முடிஞ்சா தானா சரியாயிரும்னு கிளினிக்ல ஒருத்தர் சொன்னாரு. அதுவரைக்கும் நீங்க எதுவும் சொல்லாதீங்க அக்கா, ப்ளீஸ்லா.”

கறுப்பு வெள்ளை எதற்கு என்று அப்போது புரிந்தது. வண்ணத்தில் போட்டால் மண்டபத்தில் யாராவது படத்தைக் காட்டி ஏதாவது கேட்பார்கள். கறுப்பு வெள்ளையில் எல்லோரும் அவரைப் போலத்தான் பார்ப்பார்கள்.

நான் சரி என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஆனால், போய் டாக்டரைப் பாருங்கள் என்று சொன்னேன். இரண்டு முறை சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே எழுந்து போய்விட்டார். நான் பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

அன்றும் மறுநாளும் எனக்கு வேலை ஓடவில்லை. சைமன் கேட்டதும் முதலாளி சொன்ன விதியும் ஒன்றாகவே இருந்தன. இது ஒருவருடைய வேலை, பரம்பரையாக வந்த பெருமை. ரயில் ஏறும் முன் எப்படியும் கண்ணைச் சோதிப்பார்கள், அதில் தெரிந்துவிடும், நான் எதற்கு நடுவில் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படங்களை அச்சிட்டு முடித்தேன். அந்த மாடத்தைப் பாதியாக விட மனம் வரவில்லை. முழுப் படத்தையே போட்டு, மாடம் இருக்கும் இடத்தை வெளுப்பாக ஏற்றி வைத்தேன். கறுப்பு வெள்ளையில் நான் செய்தவற்றில் அது நல்ல படம். இப்போதும் அதைச் சொல்லும்போது சந்தோஷமாக இல்லை.

சனிக்கிழமை படங்களை எடுத்துப் போக சைமன் வரவில்லை. அவருடைய மனைவி கிரேஸ் வந்தார். பள்ளிக்கூட ஆசிரியை. எப்போதும் அவசரத்தில் இருக்கும் பெண். காரை இடமில்லாத இடத்தில் நிறுத்திவிட்டு வந்திருந்தார்.

“என்னாக்கா எல்லாத்தையும் கறுப்பு வெள்ளையில போட்டிருக்கீங்க? அவருக்குக் கலர்தான பிடிக்கும்” என்றார் ஒரு படத்தைப் புரட்டிக்கொண்டே. பதிலுக்குக் காத்திருக்கவில்லை. “சீக்கிரம் டியூட்டிக்குப் போயிருவாரு. யூனிஃபார்ம் எல்லாம் அயர்ன் பண்ணி வெச்சிட்டேன். கண்ணாடி ஒண்ணுதான் மாத்தணும். பைபிள் வாசிக்கும்போது எழுத்து மங்குதுங்கிறாரு. வயசாகுதுன்னு சொல்லிச் சிரிக்கிறேன் நான்.”

எழுத்து மங்குவதைச் சைமன் என்னிடம் சொல்லவில்லை. சிவப்பு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். சிவப்பு போனால் ரயில் போகும். எழுத்து போனால் என்ன மிஞ்சும்?

கிரேஸ் பொட்டலத்தைத் தூக்கிவிட்டார். காருக்கு அபராதம் எழுதிவிடுவார்களோ என்று கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாசலைத் தாண்டும் வரைதான் எனக்கு நேரம். சைமனைக் கூப்பிட்டுப் பேசலாமே, நாளைக்குச் சொல்லலாமே என்றெல்லாம் இப்போது உங்களுக்குத் தோன்றும். அப்போது எனக்கு எதுவும் தோன்றவில்லை.

“கிரேஸ், அந்த மருந்து குடுக்கிற டாக்டர்கிட்ட அவர இன்னிக்கே கூட்டிட்டுப் போம்மா. திங்கக்கிழம வரைக்கும் வெச்சிக்காத. அவருக்குச் சிவப்பு தெரியல. மாத்திரதான் காரணமாம். அவருக்கே தெரியும்.”

கிரேஸ் பொட்டலத்தை மேசையில் திரும்ப வைத்தார். “அவருக்கே தெரியுமா?” என்றார். அதை மட்டும்தான் கேட்டார். நான் தலையாட்டினேன். பொட்டலத்தை மறந்துவிட்டு ஓடினார். தேவாலயத்திலிருந்து வேறொருவர் வந்து அதை எடுத்துப் போனார்.

அன்றைக்கே அந்த மாத்திரையை நிறுத்திவிட்டார்களாம். சில வாரங்கள் கழித்துக் கிரேஸ் தொலைபேசியில் சொன்னார். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் வாசிக்கும் பார்வையே போயிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். எழுத்து மெதுவாகத் தெளிந்துகொண்டு வந்தது. ஆனால் ரயில் ஓட்டும் அளவுக்குச் சிவப்பு திரும்பவே இல்லை. அவரை அலுவலகத்தில் உட்கார வைத்தார்கள். அழுதுகொண்டே எனக்கு நன்றி சொன்னார் கிரேஸ். சைமன் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். “பேசுறாரு” என்றார். எல்லோரிடமும் பேசுகிறாராம்.

என்னிடம் மட்டும் பேசவில்லை. ஒரே வட்டாரத்தில் இருந்துகொண்டு ஒருவரைப் பார்க்காமல் இருப்பது எளிதல்ல. வாழை இலைக் கடையில் என்னைக் கண்டால் வேறு மேசை தேடுவார். என் தோழியின் மகள் கல்யாணம் அவர்களுடைய தேவாலய மண்டபத்தில்தான் நடந்தது. அந்தப் படம் சுவரில் இருந்தது. மாடம் பளிச்சென்று வெளுப்பாக இருந்தது. எல்லோரும் பாராட்டினார்கள். சைமனின் அப்பா அதன் கீழே தட்டோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து எழுந்து நின்று கும்பிட்டார். நானும் கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். சாப்பிடவில்லை.

வெகு காலம் கழித்து, நான் ஓய்வு பெறப் போவதைக் கேள்விப்பட்டுச் சைமன் கடைக்கு வந்தார். உடம்பு தேறியிருந்தது. தலை நரைத்திருந்தது. பழைய நாற்காலியில் உட்காரவில்லை, நின்றுகொண்டே பேசினார்.

“நீங்க செஞ்சது சரிதான் அக்கா. டாக்டர் அதான் சொல்றாரு, கிரேஸும் அதான் சொல்றா. நான் ஒண்ணும் இல்லங்கல.”

நான் மேசை மேல் இருந்த தாள்களை ஓரமாக நகர்த்தினேன்.

“ஆனா என்கிட்ட சொல்லியிருக்கலாம். ‘நான் சொல்லப் போறேன்’னு ஒரு வார்த்த. நானே போயிருப்பேன். என் வாயாலயே சொல்லியிருப்பேன். அன்னிக்கு கிரேஸ் வீட்டுக்குள்ள வந்து என் முகத்தப் பார்த்தது இருக்கே, அது எனக்கு இன்னும் போகல.”

போயிருப்பாரா? இந்தக் கேள்வியை நான் எத்தனையோ முறை எனக்குள் போட்டுப் பார்த்துவிட்டேன். போயிருக்க மாட்டார் என்றுதான் என் அறிவு சொல்கிறது. போயிருப்பார் என்று சொல்லிக்கொண்டு அவர் வாழ்கிறார். அதை அவரிடமிருந்து எடுத்துவிட எனக்கு உரிமை இல்லை. அதே சனிக்கிழமை திரும்பவும் வந்தால் நான் அதையேதான் செய்வேன். செய்துவிட்டு இதே மாதிரி வருந்திக்கொண்டிருப்பேன். இரண்டும் ஒரே ஆளுக்குள் இருக்க முடியும் என்பதை இந்த வேலையில்தான் கற்றுக்கொண்டேன்.

“அந்தப் படம் இன்னும் இருக்கா அக்கா? நான் வெட்டுன மாதிரியே ஒண்ணு வேணும்.”

“மாடம் பாதியா போயிரும் தம்பி.”

“எனக்கு அன்னிக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். அப்படியே போடுங்க.”

“கறுப்பு வெள்ளையா?”

“கலர்ல போடுங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். வீட்ல உள்ளவங்க பார்க்கட்டும்.”

போட்டுக் கொடுத்தேன். இந்தக் கடையில் நான் கடைசியாக வெட்டிய படம் அதுதான். கற்றுக்கொண்டது அத்தனைக்கும் எதிராக, ஒரு நல்ல சிவப்பின் நடுவே கத்தியை இறக்கினேன். யாராவது உங்களிடம் இப்படி ஒரு வெட்டைக் கேட்டு வந்தால், திருத்தப் போகாதீர்கள். ஏன் என்றும் கேட்காதீர்கள். கேட்டபடி கொடுங்கள்.

மையின் ஈரம் காய்ந்ததும் படத்தை மேசையில் விரித்து வைத்தேன். சைமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, வெகுநேரம் பார்த்தார். பிறகு இடது ஓரத்துக்குப் பக்கத்தில் விரலை வைத்தார்.

“இங்கதான அக்கா இருக்கு?”

அவர் விரலுக்குக் கீழே இலைகள்தான் இருந்தன. ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் எந்த நட்டமும் இல்லை. சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பார், என்னையும் மன்னித்திருப்பார் என்று நினைக்கிறேன். வாய் வரைக்கும் வந்துவிட்டது.

“இல்ல தம்பி. இன்னும் கொஞ்சம் இடது பக்கம்” என்றேன்.

விரலை மெதுவாக நகர்த்திக்கொண்டு போனார். சிவப்பின் மேல் வந்ததும் போதும் என்றேன். அங்கேயே வைத்திருந்தார். பிறகு படத்தைச் சுருட்டிக்கொண்டு, வரேன் அக்கா என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

அன்று கிரேஸிடம் சொன்னேன். இந்த முறை அவரிடமே சொன்னேன்.